சந்தா வரவில்லை, ஆபீசில் ஆள் நிற்கவில்லை: சங்கங்களுக்கான பழுது நீக்கும் வழிமுறை

வியாபாரிகள் சங்கம், சபா, முன்னாள் மாணவர் சங்கம், அடுக்குமாடி உரிமையாளர் சங்கம், தொழிற்பேட்டைச் சங்கம், எதுவாக இருந்தாலும் சரி, சென்னையில் ஒரு சங்க ஆபீசுக்குள் போய் உட்கார்ந்தால் முதலில் காதில் விழுவது இதுதான்: "மார்க்கெட்டிங் சரியில்லை தம்பி, நல்ல ஏஜென்சி இருந்தா சொல்லு." பீரோவைத் திறந்து உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் கதை வேறு. பாதி போன் எண்கள் செத்துப்போயிருக்கும், வெப்சைட் பாஸ்வேர்டு போன வருடம் வேலையை விட்டவரிடம் இருக்கும், இப்போதிருக்கும் ஒரே ஆளும் அடுத்த மாதம் கிளம்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். இந்த நிலையில் ஏஜென்சிக்குக் கொடுக்கும் காசைக் கூவத்தில் போட்டாலும் ஒன்றுதான்.

சில நூறு முதல் இரண்டாயிரம் வரை உறுப்பினர், ஒன்றிரண்டு சம்பள ஆள், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாறும் நிர்வாகிகள் என்று ஓடும் சங்கங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாகும் காரணம் முதலில், பர்ஸைத் திறக்கவேண்டியது கடைசியில்.

அதற்கு முன்னால் எல்லோரும் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. சங்கத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரின் போனை வாங்கி, கூகுளில் சங்கத்தின் பெயரைத் தேடி, அதில் வரும் எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். மணி அடிக்கிறதா, யார் எடுக்கிறார், என்ன சொல்கிறார்? எப்போதோ சரண்டர் செய்த 044 லேண்ட்லைனும் காலி செய்துவிட்ட பழைய மாடி விலாசமும் அங்கே வந்தால், மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

## அறிகுறி 1: "செய்தி அனுப்பினோம்" என்கிறது ஆபீஸ், "எனக்கு வரவே இல்லை" என்கிறார் உறுப்பினர்

### வாட்ஸப்பில் அனுப்புகிறீர்கள் என்றால்

பிராட்காஸ்ட் லிஸ்டா, குரூப்பா என்று முதலில் பாருங்கள். பிராட்காஸ்ட் என்றால் ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இந்த இரண்டாவது விஷயம் பல செயலாளர்களுக்குத் தெரியாது. ஆபீஸ் எண்ணை மாற்றிய பிறகு எந்தச் செய்தியும் யாருக்கும் போகவில்லை என்ற புகாரின் முக்கால்வாசி இதுதான். சோதனை சுலபம்: பத்து உறுப்பினர்களைக் கூப்பிட்டு "நம்ம ஆபீஸ் நம்பர் உங்க போன்ல என்ன பேர்ல இருக்கு சார்?" என்று கேளுங்கள். புதிதாகச் சேருபவர்களை ரசீது கொடுக்கும்போதே உங்கள் கண் முன்னால் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

குரூப் என்றால் 1,024 பேர் வரை இடம் உண்டு, ஆனால் அங்கே பிரச்சினை வேறு. காலை வணக்கம், பிறந்தநாள் கேக், அரசியல் வீடியோ இவற்றுக்கு நடுவில் பொதுக்குழு அறிவிப்பு போனால் யார் பார்ப்பார்? பாதிப் பேர் குரூப்பை எப்போதோ மியூட் செய்திருப்பார்கள். அட்மின் மட்டும் எழுதும்படி ஒரு குரூப், பேசிக்கொள்ள இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள். இரண்டு நாள் கோபித்துக்கொள்வார்கள், அப்புறம் பழகிவிடும்.

எண்ணையே வாட்ஸப் முடக்கிவிட்டதா? அப்படியானால் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் கள்ள சாஃப்ட்வேர் எதையோ பெரும்பாலும் யாரோ போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு முறைப்படி மேல்முறையீடு செய்து பாருங்கள். உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் மொத்தமாக அனுப்ப வாட்ஸப்பே வைத்திருக்கும் அதிகாரபூர்வ வழியான பிசினஸ் ஏபிஐ தரும் நிறுவனத்தைக் கூப்பிடலாம். அதில் செய்தி வார்ப்புருவுக்கு, அதாவது அனுப்பப்போகும் வாசகத்தின் மாதிரிக்கு, முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், அனுப்புவதற்குக் கட்டணமும் உண்டு. முந்நூறு பேர் உள்ள சங்கத்துக்கு அது வீண்.

### எஸ்எம்எஸ் என்றால்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிமுறைப்படி, மொத்தமாக அனுப்பும் நிறுவனம் அதற்கென்று உள்ள டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் தலைப்பையும் (செய்தியின் மேலே தெரியும் பெயர்) செய்தி வார்ப்புருவையும் அங்கே ஏற்றியிருக்க வேண்டும். ஒப்புதல் வாங்கிய வாசகத்தை விட்டு ஒரு வரி மாற்றி அனுப்பினாலும் செய்தி நடுவிலேயே நின்றுவிடும், ஆனால் உங்கள் கணக்கில் காசு குறைந்திருக்கும். புதுச் செயலாளர் வந்ததும் "வாசகம் கொஞ்சம் அழகா இல்லையே" என்று கை வைப்பது இங்கே வழக்கமான காரணம்.

தமிழில் அனுப்பினால் பில் எகிறுவதும் பழுது இல்லை. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அந்த எழுபதிலும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். நான்கு வரித் தமிழ் அழைப்பிதழ் மூன்று நான்கு எஸ்எம்எஸ்ஸாகவே கணக்காகும். எஸ்எம்எஸ்ஸில் தேதி, இடம், நேரம், அவ்வளவு போதும்.

"டிஎல்டி எல்லாம் வேண்டாம் சார், பத்து இலக்க எண்ணிலேயே அனுப்பிக் கொடுக்கிறோம்" என்று சொல்லி வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். துண்டிக்கப்படுவது உங்கள் எண்.

### இமெயில் என்றால்

சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். அதற்கு மேல் போனால் அந்தக் கணக்கிலிருந்து அனுப்புவதையே தற்காலிகமாக நிறுத்திவிடுவார்கள். ஆகவே முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். அது சரியாக இருந்து, சங்கத்தின் சொந்த டொமைனிலிருந்து (வெப்சைட் பெயரில் உள்ள மெயில் முகவரியிலிருந்து) அனுப்பியும் ஸ்பாமில் விழுகிறது என்றால், உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, கணினியில் திறந்து, மூலச் செய்தியைக் காட்டும் வசதியை அழுத்துங்கள். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைக்கும் பாஸ் என்று வர வேண்டும். ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கறாராகிவிட்டன. மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் வெப்சைட் செய்து கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். தெரிந்தவருக்குக் கொஞ்ச நேர வேலை, தெரியாதவர் டொமைன் செட்டிங்கில் கை வைத்தால் இருக்கும் மெயிலும் நின்றுவிடும்.

மூன்றும் பாஸ், ஆனாலும் ஸ்பாம் என்றால் ஆட்களே "ஸ்பாம்" என்று அழுத்துகிறார்கள் என்று பொருள். ஆயிரத்தில் மூன்று பேர் அப்படிச் செய்தாலே கூகுள் முகம் சுளிக்கும். இறந்துபோன உறுப்பினர்களுக்கும், எப்போதோ விலகியவர்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறதா என்று பார்த்து அவர்களைப் பட்டியலிலிருந்து கழித்துவிடுங்கள்.

ஒன்று கவனம்: பொதுக்குழு அறிவிப்புக்கு மட்டும் வாட்ஸப்பையும் மெயிலையும் நம்பி இருந்துவிடாதீர்கள். துணைவிதியில் தபாலில் அனுப்ப வேண்டும் என்றிருந்தால் தபாலில்தான் அனுப்ப வேண்டும். தேர்தலில் தோற்றவர் முதலில் கை வைக்கும் இடம் அது.

## அறிகுறி 2: புதுப்பித்தல் குறைந்துகொண்டே போகிறது

இதற்குத்தான் எல்லோரும் "ஒரு கேம்பெயின் போடலாமா" என்று கேட்பார்கள். கேம்பெயின் கடைசிப் படி. அதற்கு முன்னால் ஒரு கேள்வி: போன வருடம் தேர்தல் வருடமா? தேர்தல் வந்தால் போட்டியிடுபவர்களே ஆளுக்கு நாற்பது ஐம்பது பேரின் பாக்கிச் சந்தாவைக் கட்டி ஓட்டுரிமை வாங்கிக் கொடுப்பார்கள், சந்தா பொங்கி வழியும், அடுத்த வருடம் தரை தட்டும். அதை ஒப்பிட்டு "ஐயோ சரிந்துவிட்டது" என்று பதறினால் எந்த மருந்தும் வேலை செய்யாது. தேர்தல் இல்லாத வருடத்தைத் தேர்தல் இல்லாத வருடத்தோடு ஒப்பிடுங்கள்.

### கேட்டீர்களா?

சிரிக்காதீர்கள். சந்தா கட்டாதவர்கள் பட்டியலை எடுத்து இருபது பேரைப் போனில் பிடித்தால், "யாரும் கேட்கவே இல்லையே" என்ற பதில்தான் அதிகம் வரும். ஏப்ரலில் ஒரு பொதுச் செய்தி போயிருக்கும், அவ்வளவுதான். பெயர் சொல்லி, எண் சொல்லி, எவ்வளவு பாக்கி என்று சொல்லி ஒரு போன் போயிருக்காது. ஆபீசில் இருப்பவரை மாலையில் ஒரு மணி நேரம் இதற்கென்று உட்காரவைத்தால் ஏஜென்சி ஒரு வருடத்தில் கொண்டுவருவதைவிட அதிகம் வரும். அழைக்கும் நேரம் முக்கியம். கடைக்காரரை மாலை ஆறு மணிக்குக் கூப்பிட்டால் திட்டுதான் கிடைக்கும், மதியம் மூன்று மணி அவருக்குத் தோது. சபா என்றால் டிசம்பர் சீசன் தொடங்குவதற்கு முன்பு, டிக்கெட் சலுகை கண்ணில் தெரியும்போது கேட்க வேண்டும், ஜனவரியில் கேட்டுப் பயனில்லை.

### கட்டினார், நீங்கள் வரவு வைக்கவில்லையா?

இது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. பொருளாளர் தன் சொந்த க்யூஆர் கோடைக் குரூப்பில் போட்டிருப்பார், பணம் அவர் கணக்கில் வந்து, அவர் காய்கறி வாங்கிய செலவோடு கலந்து கிடக்கும். அல்லது சங்கக் கணக்குக்கே வந்திருக்கும், ஆனால் உறுப்பினரின் மகன் போனிலிருந்து வந்ததால் ஸ்டேட்மென்டில் மகன் பெயர் இருக்கும், யாருடையது என்று தெரியாமல் சஸ்பென்ஸ் கணக்கில் தூங்கும். பணம் கட்டியவருக்கு "பாக்கி" என்று நினைவூட்டல் போனால் அவர் அடுத்த வருடம் கட்டவே மாட்டார்.

சோதனை: மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்டையும் ரசீதுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு யுபிஐ வரவின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணுக்கும் ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். சரிசெய்ய: சங்கத்தின் பெயரில் உள்ள க்யூஆர் மட்டும், குறிப்புப் பகுதியில் உறுப்பினர் எண், ஸ்கிரீன்ஷாட் வந்த அன்றே ரசீது. தனி க்யூஆர் புழக்கத்தில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், பொருளாளர் எவ்வளவு யோக்கியர் என்றாலும்.

சங்கத்தின் பெயரில் க்யூஆரோ, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயோ வாங்கப் போனால் வங்கி திருப்பி அனுப்புகிறதா? நிர்வாகிகள் மாறியதைச் சங்கப் பதிவாளரிடம் தாக்கல் செய்த நகல் கேட்பார்கள். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவர்கள் பலர், நிர்வாகிகள் பட்டியலைச் சில தேர்தல்களாகத் தாக்கல் செய்யாமலே விட்டிருப்பார்கள். இதற்கு ஆடிட்டர் வேண்டும், நீங்களே அலைந்தால் நாள்தான் போகும்.

### கட்டும் வழி கரடுமுரடாக இருக்கிறதா?

"ஆபீசுக்கு வந்து செக் கொடுங்கள்" என்பது தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு வரவேண்டிய மனிதருக்கு ஒரு நாள் வேலை. ஆண்டுச் சந்தா என்றால், ஒரு முறை அனுமதி கொடுத்தால் தானாகக் கழியும் யுபிஐ ஆட்டோபே வைக்கலாம், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் போடாமலே கழியும். கேட்வே தேவைப்படும், கார்டில் கட்டினால் அவர்கள் 2 சதவீதம் போலப் பிடிப்பார்கள், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

### இதெல்லாம் சரி, ஆனாலும் கட்ட மறுக்கிறார் என்றால்

இப்போதுதான் உண்மையான கேள்வி வருகிறது: சங்கத்தால் அவருக்கு என்ன கிடைத்தது? விலகியவர்களில் பத்துப் பேரிடம் நிர்வாகி அல்லாத ஒருவர் பேச வேண்டும், நிர்வாகி பேசினால் மரியாதைக்காக "பிசியா இருந்தேன் சார்" என்பார்கள். வரும் பதிலைச் செயற்குழுவில் அப்படியே படியுங்கள். எந்த ரீலும் இதைச் சரிசெய்யாது.

சந்தாவை ஏற்றப் போகிறீர்களா? அதற்கு முன் ஜிஎஸ்டி தெரிந்த ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு என்ற கேள்வி எழும். வணிகம், கலை, விளையாட்டு போன்றவற்றை வளர்க்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு ஓர் உறுப்பினருக்கு வருடம் 1,000 ரூபாய் வரை சந்தாவுக்கு விலக்கு இருக்கிறது, குடியிருப்போர் சங்கத்துக்கு மாதம் 7,500 என்ற வேறு கணக்கு. ஐம்பது ரூபாய் ஏற்றி அந்த விலக்கை இழப்பது லாபமா நஷ்டமா என்று அவர்தான் சொல்ல முடியும்.

## அறிகுறி 3: ஆபீசில் ஆள் நிற்பதில்லை

### வந்து சில மாதத்தில் போய்விடுகிறார்கள் என்றால்

முதல் காரணம் சம்பளம் என்று நினைப்பீர்கள், பெரும்பாலும் முதல் காரணம் முதலாளிகளின் எண்ணிக்கை. தலைவர், செயலாளர், பொருளாளர், துணைத் தலைவர்கள், செயற்குழு உறுப்பினர்கள், கூடவே "நான் முன்னாள் தலைவர்" என்று வருபவர், எல்லோரும் அதே ஒரு பெண்ணுக்கு வேலை சொல்வார்கள். ஆபீஸ் போனை எடுத்து, போன வாரம் வேலை சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூன்றைத் தாண்டினால் பழுது இங்கேதான். செயலாளர் ஒருவர் மட்டும் வேலை சொல்வார், மற்றவர்கள் அவர் வழியாக, என்று தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றுங்கள். வாய்வார்த்தையாக விட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

அடுத்தது வேலை என்னவென்றே எழுதாமல் எடுப்பது. விளம்பரத்தில் "டிஜிட்டல் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்" என்று போட்டிருக்கும். வந்தவருக்குக் கிடைக்கும் வேலை: டீ சொல்வது, வங்கிக்குப் போவது, சவுகார்பேட்டையில் கடை கடையாக ஏறி செக் வாங்குவது, இரவு பத்து மணிக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்வது, அதில் போட்டோ சரியில்லை என்று பதினொரு மணிக்குத் திட்டு வாங்குவது. ஒரு வாரத்துக்கு அவர் செய்யும் வேலைகளை எல்லாம் அவரையே எழுதச் சொல்லுங்கள். மூன்றாகப் பிரியும்: பட்டியலும் கணக்கும், அலைச்சல், டிசைன். டிசைனை வெளியே பீஸ் கணக்கில் கொடுங்கள். வசூல் அலைச்சலுக்குப் பகுதிநேர ஆள் வையுங்கள். பட்டியலும் கணக்கும் பார்ப்பவர்தான் உங்கள் நிரந்தர ஆள்.

இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பு முடித்த பையன் ஒரு வருடத்தில் போவான், போகத்தான் வேண்டும், சங்க ஆபீசில் அவனுக்குக் கற்றுக்கொடுக்க யாருமில்லை. அவனைப் பிடித்து வைக்கச் சம்பளத்தை ஏற்றாதீர்கள். குரலைக் கேட்டே "அண்ணா நகர் பழைய மெம்பர்தானே சார், அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்கும், பட்டியலும் கணக்கும் பார்க்கும் அந்த அக்கா போனால்தான் சங்கம் படுத்துவிடும். அந்த அக்காவின் சம்பளத்தை ஏற்றுங்கள். பல சங்கங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

மூன்றாவது நேரம். வியாபாரிகள் சங்கக் கூட்டம் கடை சாத்திய பிறகு ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். கூட்டம் முடியும்வரை ஆவடிக்கு மின்சார ரயில் பிடிக்கவேண்டியவரை உட்காரவைத்தால் இரண்டு மாதம் பொறுப்பார். கூட்டக் குறிப்பை ஒரு செயற்குழு உறுப்பினரே எழுதட்டும்.

கடைசியாகச் சம்பளமும் பிஎஃபும். பத்துப் பேரைத் தொட்டால் ஈஎஸ்ஐ, இருபதைத் தொட்டால் பிஎஃப் என்பதால் இரண்டு மூன்று பேர் ஆபீசுக்கு இரண்டுமே வராது. பிஎஃப் பிடிக்கும் வேலை பக்கத்துத் தெருவில் கிடைத்தால் குடும்பம் உள்ளவர் போய்விடுவார், அது நியாயமும்கூட. விருப்பத்தின் பேரில் பிஎஃபில் சேர வழி இருக்கிறது. ஆனால் ஒரு முறை சேர்ந்தால் மாதாமாதம் தாக்கல் செய்ய வேண்டும், ஆகவே பிஎஃப் ஆலோசகரைக் கூப்பிட்டு வருடச் செலவு எவ்வளவு என்று கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

### விண்ணப்பமே வருவதில்லை என்றால்

வேலைவாய்ப்புத் தளத்தில் போட்ட விளம்பரத்தை நீங்களே படித்துப் பாருங்கள். அதில் சம்பளம் இருக்கிறதா? "நெகோஷியபிள்" என்று இருந்தால் யாரும் வரமாட்டார்கள். சங்க வேலைக்கு இருபத்திரண்டு வயது தேவையில்லை. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், குழந்தை பள்ளிக்குப் போன பிறகு பத்து மணி முதல் மூன்று மணி வரை வேலை தேடும் பெண், இவர்கள் ஆபீஸ் இருக்கும் அதே பகுதியில் இருப்பார்கள். உறுப்பினர்களிடமே சொல்லி வையுங்கள். ஒரே ஆளை இரண்டு சிறிய சங்கங்கள் அரை நாள் கணக்கில் பகிர்ந்துகொள்வதும் நன்றாக நடக்கிறது, நாள்களை மட்டும் எழுத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 4: ஆள் போனார், பாஸ்வேர்டும் போனது

### போனவர் போன் எடுக்கிறார் என்றால்

கடைசி மாதச் சம்பளம் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். "பாஸ்வேர்டைத் தரமாட்டேன் என்கிறான் சார்" என்ற புகாருக்குப் பின்னால் பாதி நேரம் இருபது நாள் சம்பளப் பாக்கி இருக்கும். கொடுத்துவிட்டு மரியாதையாகக் கேளுங்கள். போலீஸ், வக்கீல் என்று தொடங்கினால் கிடைக்கவேண்டியதும் கிடைக்காது.

### எடுக்கவில்லை என்றால், இந்த வரிசையில்

சிம். ஆபீஸ் எண் யார் பெயரில் இருக்கிறது? எல்லா ஓடிபியும் அங்கேதான் வரும், ஆகவே இதுதான் முதல். போனவர் பெயரில் இருந்தால் அவர் ஒத்துழைப்பு இல்லாமல் மாற்ற முடியாது. ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் சில மாதத்தில் அந்த எண் வேறு யாருக்கோ போய்விடும். சிம் கையில் இருந்தும் வாட்ஸப் இரட்டைச் சரிபார்ப்புப் பின் தெரியவில்லையா, ஏழு நாள் காத்திருந்தால் புதிதாகத் தொடங்கலாம். ஏழு நாளைக்குள் பதற்றத்தில் புது எண் வாங்கிவிடாதீர்கள், வாங்கினால் அறிகுறி 1 மறுபடி ஆரம்பிக்கும்.

கூகுள் பக்கம். தேடினால் வரும் உங்கள் சங்கத்தின் பக்கத்திலேயே உரிமை கோரும் வசதி இருக்கிறது. இப்போதைய உரிமையாளருக்கு மூன்று நாள் அவகாசம், பதில் இல்லையென்றால் சங்க விலாசத்தையும் போனையும் காட்டி நீங்களே உரிமை கோரலாம்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம். முழுக் கட்டுப்பாடு யாரிடம் என்று பாருங்கள். பழைய நிர்வாகி யாராவது ஒருவர் அட்மினாக மிச்சம் இருப்பார், முன்னாள் தலைவரின் பேரனைக்கூடக் கேட்டுப் பாருங்கள். யாருமே இல்லையென்றால் புதுப் பக்கம் தொடங்குவது பெரும்பாலும் மலிவு. நானூறு லைக்குக்காக ஆறு மாதம் மெட்டாவுக்கு எழுதிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

டொமைன். வெப்சைட் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் ஹூஇஸ் தேடலில் பாருங்கள், விவரம் மறைந்திருந்தால் பழைய பில்லைத் தேடுங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருப்பது ரொம்பச் சகஜம். காலாவதி ஆகியிருந்தாலும் டாட் ஆர்க் போன்றவற்றில் உடனே கை நழுவாது. கொஞ்ச நாள் சலுகைக் காலமும் அதற்கப்புறம் 30 நாள் மீட்புக் காலமும் உண்டு, மீட்புக் காலத்தில் கட்டணம் பல மடங்கு. வேறு ஒருவர் டொமைனைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசினால் அங்கே நிறுத்திவிட்டு வக்கீலிடம் போங்கள், டாட் இன் என்றால் தகராறு தீர்க்கத் தனி நடைமுறையே இருக்கிறது.

எல்லாம் கிடைத்த பிறகு சிம், மெயில், டொமைன் மூன்றும் சங்கத்தின் பெயரில், மீட்பு எண் இரண்டு நிர்வாகிகளுடையது, பாஸ்வேர்டு எழுதிய உறை ஒன்று பொருளாளர் பீரோவில். புது நிர்வாகிகள் பொறுப்பேற்கும் நாளில் மாலை போடுவதற்கு முன் உறை கை மாற வேண்டும்.

## அறிகுறி 5: பட்டியலைத் திறந்தால் எழுத்து புரியவில்லை, ஒரே ஆள் மூன்று இடத்தில் இருக்கிறார்

பெயர்கள் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குழம்பித் தெரிந்தால் ஃபைல் கெட்டுப்போகவில்லை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, சங்க ஆபீஸ் கணினிகள் பல இன்னும் ஏற்கவில்லை. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவியில் மாற்றுங்கள். முதலில் ஒரு நகல் எடுத்து இருபது வரியை மட்டும் மாற்றிப் பார்த்து, பெயர்கள் சரியாக வருகின்றனவா என்று படித்த பிறகு மொத்தத்தையும் போடுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் இமெயில் முகவரிகளையும் சேர்த்து மாற்றினால் அவை பாழாகிவிடும், அந்தக் கட்டங்களைத் தொடாதீர்கள்.

ஒரே ஆள் இனிஷியல் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை, கடைப் பெயரில் ஒரு முறை இருப்பார். பெயரை வைத்துத் தேடினால் விடியாது, போன் எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள், இரட்டைகள் தானாகப் பக்கத்தில் வந்து நிற்கும். எது உயிரோடு இருக்கும் பதிவு என்று ஆபீசில் பட்டியல் பார்க்கும் அக்காவுக்குத்தான் தெரியும், அவரை உட்காரவைத்துச் செய்யுங்கள்.

பட்டியல் காகிதத்தில் மட்டும் இருக்கிறதா? ஆபீஸ் தரைத்தளத்திலா? 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இந்த வாரமே போனில் படம் எடுத்து வையுங்கள், டைப் அடிப்பதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சாஃப்ட்வேர் விற்பவரை எப்போது கூப்பிடுவது? ஒரு எக்செல் ஷீட்டை ஆறு மாதம் ஒழுங்காகப் பராமரித்துக் காட்டிய பிறகு. அதைப் பராமரிக்காத ஆபீஸ் வருடச் சந்தா கட்டி வாங்கும் மென்பொருளையும் பராமரிக்காது. இன்னொன்று, பட்டியலை விளம்பரதாரருக்கோ வேட்பாளருக்கோ கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது, அதன் விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன.

## அறிகுறி 6: நிகழ்ச்சிக்கு நூறு பேர் பெயர் கொடுக்கிறார்கள், முப்பது பேர் வருகிறார்கள்

இலவச நிகழ்ச்சி என்றால் இது பழுதே இல்லை, நாற்காலியைக் குறைத்துப் போடுங்கள். வந்தே ஆகவேண்டும் என்றால் முந்தின நாள் மாலை ஒரு போன், அன்று காலை கூகுள் மேப் இணைப்போடு ஒரு செய்தி. சாப்பாடு இருந்தால் ஐம்பது ரூபாயாவது முன்பணம் வாங்குங்கள், எண்ணிக்கை உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

## அறிகுறி 7: ஏஜென்சிக்கு மாதாமாதம் போகிறது, லைக் வருகிறது, உறுப்பினர் வரவில்லை

சேர்க்கைப் படிவத்தில் "யார் சொல்லி, எங்கே பார்த்து வந்தீர்கள்" என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் ஏஜென்சியைக் குறை சொல்ல உங்களிடம் ஆதாரமே இல்லை. முதலில் கடைசியாகச் சேர்ந்த இருபது பேரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் "பக்கத்துக் கடைக்காரர் சேர்த்துவிட்டார்" என்றுதான் வரும். அப்படி வந்தால் விளம்பரக் காசில் கொஞ்சத்தை எடுத்து, ஆள் சேர்த்துவிடும் உறுப்பினருக்குச் சந்தாவில் தள்ளுபடியாகக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து, பதிவுகளைப் பாருங்கள். தலைவர் பொன்னாடை வாங்குகிறார், தலைவர் பொன்னாடை போர்த்துகிறார், தலைவர் அமைச்சரைச் சந்திக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவர் எதற்காகச் சேர வேண்டும்? லைக் போடுபவர்களும் ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர்களே. இதில் ஏஜென்சி மேல் தப்பில்லை, அவர்களுக்கு அனுப்பிய போட்டோவைத்தான் போடுகிறார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும் சந்தேகம், வாடகைத் தகராறு, ஜிஎஸ்டி நோட்டீஸ் என்று உறுப்பினர்கள் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்கும் கேள்விகளை ஆபீசில் போன் எடுக்கும் அக்காவிடம் வாங்கி, வாரத்துக்கு ஒன்றுக்குப் பதில் போடச் சொல்லுங்கள். பொன்னாடை வாரத்துக்கு ஒன்று போதும். தலைவரிடம் இதை யார் சொல்வது என்பது உங்கள் பாடு.

பதிவும் சரி, ஆதாரமும் இருக்கிறது, இன்னும் ஆள் வரவில்லை என்றால் விளம்பரக் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு விஷயம் பாருங்கள். கணக்கு யார் பெயரில்? ஏஜென்சியின் பெயரில் இருந்தால் நீங்கள் விலகும் நாளில் இதுவரை சேர்ந்த தரவு எல்லாம் அவர்களோடு போகும். விளம்பரம் எந்த ஊருக்கு ஓடுகிறது? அம்பத்தூர் தொழிற்பேட்டைக்காரர்களுக்கான விளம்பரம் தமிழ்நாடு முழுக்க, பதினெட்டு வயதிலிருந்து எல்லோருக்கும் ஓடிக்கொண்டிருந்தால் லைக் மலை போலக் குவியும், படிவம் ஒன்றும் வராது.

கணக்கைக் காட்ட மறுத்தால் ஒப்பந்தத்தை எடுத்து விலகும் விதியைப் படியுங்கள். காட்டினார்கள், ஊரையும் வயதையும் திருத்தினார்கள் என்றால் மூன்று மாதம் கொடுங்கள், மாதத்துக்கு எத்தனை சேர்க்கைப் படிவம் வந்தது என்ற ஒரே எண்ணை மட்டும் கேளுங்கள். அதன் பிறகும் ஓர் உறுப்பினரைச் சேர்க்க ஆகும் விளம்பரச் செலவு அவர் கட்டும் இரண்டு வருடச் சந்தாவைத் தாண்டுகிறது என்றால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் மாலையில் போன் பேச இன்னொரு பகுதிநேர ஆளை எடுங்கள்.